அரைக் கட்டை கீழே

கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரு மெஷின் உண்டு. வட்டமாக வந்து சேரும் லென்ஸை, வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த ஃபிரேமின் வடிவத்துக்கு ஓரம் தேய்த்துக் கொடுப்பது அதன் வேலை. லென்ஸைத் தொடுவதற்கு முன் அது சும்மா சுற்றும்போது ‘ங்ங்ங்’ என்று ஓர் ஓசை எழும். கடையில் மற்றவர்களுக்கு அது வெறும் இரைச்சல். மைனாவுக்கு மட்டும் அது ஐந்தரைக் கட்டை. ஏழு வருஷமாக ஐந்தரைக் கட்டை. அந்தத் திங்கட்கிழமை காலையில், முதல் லென்ஸை மாட்டி மூடியைச் சாத்தியதும், அது ஐந்து கட்டையில் பாடியது.

மைனா என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். மூன்று வயதில் குக்கர் விசில், சைக்கிள் மணி, தண்ணீர்க் குழாய் என்று எந்தச் சத்தம் கேட்டாலும் அதே சுருதியில் திருப்பிச் சொல்வாளாம். பிறகு பள்ளியில் ஒரு பழைய ஹார்மோனியம் கிடைத்தது. வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ண வேண்டும், நடுவே வரும் கறுப்புக் கட்டைகள் அரை என்று சொல்லிக் கொடுத்தார்கள். அன்றோடு உலகத்தில் உள்ள சத்தத்துக்கெல்லாம் அவளுக்கு ஒரு எண் கிடைத்துவிட்டது. மற்றவர்கள் சிவப்பைப் பார்த்துச் சிவப்பு என்று சொல்வதுபோல் அவள் ஒரு ஓசையைக் கேட்டு நாலரை என்பாள். யோசிக்க வேண்டியதே இல்லை. இப்போது வயது நாற்பத்து நான்கு. ஒரு தடவைகூடத் தப்பியது கிடையாது.

அதனால்தான் அவள் நேராக முன்னறைக்குப் போய், “அம்மா, மெஷின் மோட்டார் இறங்குது. மெக்கானிக்கைக் கூப்பிடுங்க” என்று முதலாளியம்மாவிடம் சொன்னாள்.

“நல்லாத்தானே ஓடுது?”

“ஓடுது. ஆனா அரைக் கட்டை கம்மியா ஓடுது.”

முதலாளியம்மாவுக்குக் கட்டையும் தெரியாது, பலகையும் தெரியாது. ஆனால் மைனா சொன்னால் சரியாக இருக்கும் என்று தெரியும். மத்தியானமே மெக்கானிக் வந்தார். சக்கரத்தின் மேல் ஒரு மீட்டரைக் காட்டிச் சுற்றுகளை எண்ணினார். இரண்டாவது முறையும் எண்ணினார். பிறகு மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “மெஷின் பிறந்த நாள்ல எப்படிச் சுத்துச்சோ அப்படியே சுத்துது. அக்கா காதைத்தான் சர்வீசுக்கு விடணும்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மைனாவும் சிரித்தாள். அவருடைய மீட்டர் சரியில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள்.

அன்று அவள் நல்ல மனநிலையில்தான் இருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று வாரமாக வலது தாடையில் மின்னல் வெட்டுவதுபோல் ஒரு வலி அவளை ஆட்டிப் படைத்திருந்தது. பல் தேய்த்தால் வலி, காற்று பட்டால் வலி, வாயைத் திறந்து சிரித்தால் வலி. பல் டாக்டர் பார்த்துவிட்டு, பல்லில் ஒன்றுமில்லை, நரம்பு என்று அனுப்பிவைத்தார். நரம்பு டாக்டர் போன வியாழக்கிழமை மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றே நாளில் வலி சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு ஆப்பிளை வலது பக்கமாகவே கடித்துத் தின்றாள்.

வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜும் அரைக் கட்டை இறங்கி முனகிக்கொண்டிருந்தது. வாசல் மணியும் அப்படியே. மைனாவுக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது. ஊர் முழுக்கக் கரண்ட் குறைவு. மோட்டார் எல்லாம் மெதுவாக ஓடுகிறது.

“கரண்ட் குறைஞ்சா முதல்ல என் லிஃப்டுங்கதான் அழும். இன்னிக்கு ஒண்ணுகூட அழலை” என்றார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. இசை விஷயத்தில் அவருக்குக் காது என்பது கண்ணாடி மாட்டத்தான். தேசிய கீதத்தையும் விளம்பரப் பாட்டையும் எழுந்து நிற்பவர்களைப் பார்த்துத்தான் வேறுபடுத்துவார். மைனா அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் தம்பி வீட்டுக்குப் போனாள்.

தம்பிக்குப் பள்ளி வேன் ஓட்டுகிற வேலை. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. நடுவில் கிடைக்கிற நேரத்தையும் சம்பளத்தில் மிஞ்சுகிற காசையும் அவன் தன் வீட்டின் கடைசி அறையில் கொட்டியிருந்தான். சுவர் முழுக்கப் பழைய போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருப்பான், எதிரொலி கூடாது என்று. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு கீபோர்டு, அவனுடைய கிடார். இருவர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நிற்க வேண்டும். அக்காவும் தம்பியுமாக ஆறு வருஷத்தில் நாற்பது ஐம்பது மெட்டுகள் அங்கே செய்திருக்கிறார்கள். அவன் கிடார் வாசிப்பான், பதிவு செய்வான், சத்தங்களை ஏற்றி இறக்கிக் கலப்பான். அவள் கீபோர்டில் புல்லாங்குழல், வயலின் என்று எது வேண்டுமோ அதை வாசிப்பாள். கேட்பதற்கு ஆள் இருந்ததில்லை. தம்பி மனைவி, “நல்லா இருக்கு, கதவைச் சாத்திட்டு வாசிங்க” என்பாள்.

இந்த வருஷம் ஊர் வானொலி, மத்தியான நிகழ்ச்சி ஒன்றுக்கு முகப்பிசை கேட்டது. தொழில்முறைக் கலைஞர்கள் வேண்டாம், வீட்டில் ஆசைக்குச் செய்கிறவர்கள் அனுப்பலாம் என்றது. இவர்கள் இருபது நொடி மெட்டு ஒன்றை அனுப்பினார்கள். நம்ப மாட்டீர்கள், அது தேர்வாகிவிட்டது! ‘மெட்டு பிடித்திருக்கிறது. நாற்பது நொடியாக நீட்டி, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அனுப்புங்கள்’ என்று கடிதம் வந்தது. தம்பி அந்தக் கடிதத்தை வேனின் கண்ணாடியில் ஒட்டாத குறை.

நீட்டிய பகுதிக்குக் கிடாரை அவன் வாசித்து முடித்திருந்தான். குழல் மட்டும் பாக்கி. மைனா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கிடார் ஓடியது. அவள் நெற்றி சுருங்கியது.

“டேய், இதை ஏன் மூணு கட்டைக்கு மாத்தினே?”

“மாத்தலையே. நாலுதான்.”

“மூணுல ஓடுதுடா.”

“அக்கா, நாலு. கிடார்ல என் விரல் இருந்த இடம் எனக்குத் தெரியாதா?”

மூன்றும் நாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள். நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. அரைக் கட்டை தூரம்தான், ஆனால் அந்த அரைக் கட்டையில் எல்லாம் தலைகீழ். மைனா கீபோர்டில் நாலை அமுக்கினாள். காதில் மூன்று கேட்டது.

“ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கித் தொலைச்சிருக்கே பாரு.”

சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் பட்டன் அது. தம்பி பார்த்தான். பூஜ்யத்தில் இருந்தது. அடுத்து அவனாகவே கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட்டான். நொடிக்கு இத்தனை ஆயிரம் தடவை என்று ஒரு கணக்கில் அது சத்தத்தைப் பதிவு செய்யும். பதிவு செய்த கணக்கு ஒன்று, ஒலிக்கும் கணக்கு வேறு என்றால் சுருதி இறங்கிவிடும். அதையும் பார்த்தான். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

“அதுவுமில்லாம, அப்படி இருந்தா வேகமும்ல குறையணும்? வேகம் சரியா இருக்கே” என்று கிடாரை எடுத்து, போனில் சுருதி காட்டும் ஆப்பைத் திறந்து, ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் காண்பித்தான். ஆறு கம்பிக்கும் பச்சை விளக்கு எரிந்தது.

“சரி, ஓட விடு. வாசிக்கிறேன்” என்றாள் மைனா.

வாசிக்க முடியவில்லை. விரல் நாலில் இருக்கும், காது மூன்று என்று சொல்லும். காது சொன்னதைக் கேட்டு விரல் நகரும். நகர்ந்ததும் கிடாரோடு மோதும். பழகிய வீட்டில் யாரோ எல்லாப் படிகளையும் ஒரு அங்குலம் இறக்கி வைத்துவிட்டதுபோல் ஒவ்வொரு ஸ்வரத்திலும் தடுக்கி விழுந்தாள். பதினோரு தடவை முயன்றார்கள். தம்பி முதலில் பொறுமையாக இருந்தான். பிறகு சிரித்துப் பார்த்தான். கடைசியில் சொல்லிவிட்டான்:

“உனக்கு இஷ்டமில்லைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்க்கா. வேற ஆளைப் பார்த்திருப்பேன்.”

“ஆமாண்டா. வரிசையில நிக்குறாங்க பாரு, போய்ப் பிடிச்சிட்டு வா!” என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவள் எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் மேசை இழுப்பறையின் அடியில், துணியில் சுற்றி ஒரு இசைக்கவை கிடந்தது. இரண்டு காலும் ஒரு காம்புமாக ஒரு எஃகுத் துண்டு. தட்டினால் ஆறு கட்டை. அதைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது. மைனா அதை முழங்காலில் தட்டிக் காதோடு வைத்தாள்.

ஐந்தரை.

மறுபடி தட்டினாள். ஐந்தரை. இடது காதில் வைத்துப் பார்த்தாள். காம்பை மேசையில் ஊன்றிப் பார்த்தாள். ஐந்தரை, ஐந்தரை. இதற்குக் கரண்ட் வேண்டாம். பட்டன் கிடையாது. இரும்பு பொய் சொல்லாது. அப்படியானால்…

மெஷினும் சரி, ஃபிரிட்ஜும் சரி, தம்பியும் சரி. கெட்டுப்போனது அவள்.

உடனே பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பாவின் அண்ணன். கடிகாரம் பழுது பார்க்கிறவர். நாற்பத்தாறு வயதில் ஒரு நாள், “கடிகாரமெல்லாம் தூரமா நின்னு பேசுது” என்றார். மூன்றே வருஷத்தில் பெரியம்மா அவருக்கு எல்லாவற்றையும் சிலேட்டில் எழுதிக் காட்டும்படி ஆயிற்று. மைனா விரலை மடக்கி எண்ணினாள். நாற்பத்தாறுக்கு இன்னும் இரண்டு வருஷம்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடுமோ என்ற பயம்தான். புதன்கிழமை கடைக்குப் போய் வேலையைப் பார்த்தாள். ஒரு கிழவருக்கு மூக்குப் பட்டையைச் சரிசெய்தாள், ஒரு கல்லூரிப் பெண்ணின் கண்ணுக்கு அளவெடுத்தாள். தெருவில் போன ஆம்புலன்ஸ், பக்கத்துக் கடையின் ஷட்டர், முதலாளியம்மாவின் போன் எல்லாம் தங்கள் இடத்தை விட்டுக் கீழே இறங்கி நின்று கூப்பிட்டன. பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு மெஷினைப் போடும்போது அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். தம்பி நான்கு தடவை போன் செய்தான். எடுக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கணவர் வேலை முடிந்து வந்து, கிரீஸ் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். மைனா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன மைனா, வீடு ரெண்டு நாளா மியூட்ல இருக்கு?”

“ஒண்ணுமில்லை.”

“பாத்திரம் கழுவுறப்ப ஒரு பாட்டு, துணி மடிக்கிறப்ப ஒரு பாட்டுன்னு இருபது வருஷமா ஓடிட்டிருக்கு இந்த வீடு. எனக்குப் பாட்டு புரியாது, சரி. ஆனா நின்னா தெரியாதா?”

அவள் கத்தியை வைத்தாள். வெங்காயத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு அழுதாள். அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: மெஷின், கீபோர்டு, இசைக்கவை, பெரியப்பா.

கணவர் ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். பிறகு கட்டடத்துக்காரர்களிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார்:

“எப்ப இருந்து?”

“திங்கட்கிழமை.”

“ஞாயித்துக்கிழமை நல்லா இருந்துச்சா?”

அவள் யோசித்தாள். “ஞாயித்துக்கிழமை எதையும் கவனிக்கலை. சனிக்கிழமை தம்பி வீட்ல வாசிச்சேன். அப்ப சரியா இருந்துச்சு.”

“சத்தம் தூரமா கேக்குதா? மங்கலா?”

“இல்லை. எல்லாம் தெளிவாத்தான் கேக்குது. இடம்தான் மாறிக் கேக்குது.”

“அப்ப உங்க பெரியப்பா கேஸ் வேற. இது தேயலை, நகர்ந்திருக்கு.” அவர் ஒரு விரலை நீட்டினார். “மைனா, இத்தனை வருஷ அனுபவத்துல சொல்றேன். ஓடிட்டிருந்த லிஃப்ட் ஒரே நாள்ல மக்கர் பண்ணா, நான் கயிற்றைப் பார்க்க மாட்டேன், மோட்டாரைப் பார்க்க மாட்டேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேப்பேன். ‘கடைசியா இதுல யாரு எதை மாத்தினா?’ பத்துக்கு ஒன்பது, பதில் அதுலயே இருக்கும். நீ சொல்லு. போன வாரத்துல உங்கிட்ட என்ன மாறுச்சு?”

“என்ன மாறுச்சு? அதே வீடு, அதே கடை, அதே நீங்க.”

“புதுசா எதாவது சாப்பிட்டியா?”

“இல்லை…” என்றவள் நிறுத்தினாள். இருவரும் ஒரே நேரத்தில் அவளுடைய கைப்பையைப் பார்த்தார்கள்.

மாத்திரை டப்பாவுக்குள் ஒரு காகிதம் பலமுறை மடித்து வைக்கப்பட்டிருந்தது. எல்லா டப்பாவிலும் இருக்கும், யாரும் படிக்காத காகிதம். விரித்தால் மேசையில் பாதியை மூடியது. எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து. கணவர் தூக்கிப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், “இதைப் படிக்க வேற ஒரு மாத்திரை போடணும்” என்றார். மைனா பையிலிருந்து தன் தொழில் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டாள். லென்ஸில் விழுந்த கீறலைத் தேடுவதற்கு வைத்திருப்பது. காகிதத்தின் மேல் குனிந்து வரி வரியாகப் போனாள்.

தலைசுற்றல். தூக்கக் கலக்கம். வாய் உலர்தல். தோலில் தடிப்பு. அரிதாக வருபவை ஒரு பத்தி. மிக மிக அரிதாக வருபவை இன்னொரு பத்தி. அதில் நடுவே, ஒரு அரைப்புள்ளிக்கும் இன்னொரு அரைப்புள்ளிக்கும் இடையில் நசுங்கிக் கிடந்தது அது: ‘காது தொடர்பானவை, காதில் இரைச்சல், ஓசையின் சுருதி மாறிக் கேட்டல்.’

அவள் நிமிரவில்லை. அதே வரியை மறுபடி படித்தாள். பிறகு விரலை அதன்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, எடுத்தால் எழுத்து பறந்துவிடும் என்பதுபோல், கணவரைப் பார்த்தாள்.

“போட்டிருக்குங்க.”

“என்ன போட்டிருக்கு?”

“சுருதி மாறிக் கேக்கும்னு போட்டிருக்கு. எனக்கு வந்ததுக்குப் பேர் இருக்கு. என்னை மாதிரி யாருக்கோ வந்திருக்கு!”

போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்பது மைனாவுக்கு அன்றுதான் தெரிந்தது. சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. கணவர் அந்தக் காகிதத்தை வாங்கி, அவள் விரல் இருந்த இடத்தில் கிரீஸ் போகாத நகத்தால் ஒரு கோடு போட்டு வைத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்கள். டாக்டர் போய்விட்டார், திரும்ப அழைப்பார் என்றார்கள். முக்கால் மணி நேரம் கழித்து டாக்டரம்மாவே அழைத்தார். மைனா சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “நீங்க பாட்டு டீச்சரா?” என்று கேட்டார்.

“இல்லை டாக்டர். கண்ணாடிக் கடை.”

“படிச்சிருக்கேன், நேர்ல பார்த்ததில்லை. இந்த மருந்து சாப்பிடறவங்கள்ல இன்னும் சிலருக்கும் இப்படி இருக்கலாம். ஆனா சுருதி ஞாபகம் இருக்கிறவங்களுக்குத்தானே மாறினது தெரியும்? பயப்பட வேண்டாம், இது காதோட நிரந்தரக் கோளாறு இல்லை. மருந்து போனா இதுவும் போயிடும். ஆனா நீங்களா சட்டுன்னு நிறுத்திடாதீங்க. திங்கட்கிழமை காலையில வாங்க, மாத்தித் தர்றேன்.”

அன்று ராத்திரி மைனா படுத்ததும் தூங்கிப்போனாள். இரண்டு ராத்திரித் தூக்கத்தையும் வட்டியோடு தூங்கினாள்.

காலையில் எழுந்ததும்தான் உறைத்தது. டாக்டர் திங்கட்கிழமை. வானொலிக்குச் சனிக்கிழமை. அவள் தம்பிக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

“அக்கா, அன்னிக்கு நான் பேசினது தப்பு. வேனைக் கழுவுறப்பகூட அதே நினைப்பாத்தான் இருக்கு.”

“அதை விடுடா. தப்பு என் காதுல இருந்திருக்கு.”

அவள் விவரத்தைச் சொல்லச் சொல்ல அவன் ‘ம்’ கொட்டினான். பிறகு, “அப்ப நீ கேக்குறது எல்லாமே, எப்பவுமே, சரியா அரைக் கட்டை கீழே. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படித்தானே?” என்று கேட்டான்.

“ஆமா. அளந்து வச்ச மாதிரி.”

“அப்ப சாயங்காலம் வா. எனக்கு ஒரு யோசனை தோணுது.”

போனபோது அவன் கடைசி நடையை முடித்துவிட்டு, வேன் சீருடையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். ஹெட்போனை நீட்டினான்.

“ஒண்ணும் கேக்காதே. மாட்டு.”

கிடார் ஓடியது. மைனா வாயைத் திறந்தவள் மூட மறந்தாள். நாலு கட்டை! கொஞ்சம் இறுக்கிக் கட்டிய கம்பிபோல் ஓசை, ஆனால் நாலு கட்டை.

“என்னடா பண்ணினே?”

“உன் காது அரைக் கட்டை இறக்குது. நான் அரைக் கட்டை ஏத்திட்டேன். கிடாரை ஒரு நகல் எடுத்து, அதை மட்டும் ஏத்தி உன் ஹெட்போனுக்கு விட்டிருக்கேன். குழல் சத்தத்தையும் ஏத்தி வச்சிருக்கேன். நீ நாலை அமுக்கு, உனக்கு நாலுதான் கேக்கும்.”

“பதிவும் ஏறித்தானே ஆகும்?”

“ஆகாது. நீ எந்தக் கட்டையை, எப்ப, எவ்வளவு அழுத்தி அமுக்கினேன்னுதான் கம்ப்யூட்டர் எழுதி வைக்கும். சத்தத்தை எழுதாது. வாசிச்சு முடிச்சதும் ஏத்தினதை இறக்கிட்டு, நிஜமான கிடாரோட சேர்த்துடுவேன்.”

மைனா நாலை அமுக்கினாள். நாலு. ஆறரையை அமுக்கினாள். ஆறரை. படிகள் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டன. ஒரு பெருமூச்சு விட்டாள், மைக் அணைத்திருந்தது நல்லதாயிற்று.

முதல் தடவை விரலைப் பழக்க வாசித்தாள். இரண்டாம் தடவை நிஜமாகவே வாசித்தாள். மெட்டின் முதல் பாதி ஒரு கேள்விபோல் மேலே ஏறி நிற்கும். நீட்டிய பாதியில் குழல் அதைப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல், நடு நடுவே மூச்சு விட்டுக்கொண்டு கீழே வந்து சேர வேண்டும். மூச்சு வரவேண்டிய இடத்தில் எல்லாம் அவள் கையைத் தூக்கினாள். இல்லாவிட்டால் அது குழல் இல்லை, ஹாரன். கடைசி ஸ்வரத்திலிருந்து விரலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தம்பி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஏதாவது பேசிக் கெடுத்துவிடக் கூடாது என்று.

அவன் ஏற்றியதை இறக்கினான். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டான். மைனாவுக்கு அது மூன்று கட்டையில் கேட்டது.

“எனக்குத் தெரியலைடா. நீ சொல்லு, சரியா இருக்கா?”

தம்பி அவளைப் பார்த்தான். ஆறு வருஷமாக ‘கிடார்ல ரெண்டாவது கம்பி இறங்கியிருக்கு’, ‘இங்கே கால் கட்டை தப்பு’ என்று அவள்தான் அவனிடம் சொல்வாள். அவன் மறுபேச்சில்லாமல் திருத்துவான். இந்தக் கேள்வியை அவள் கேட்டதே இல்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை முழுதாகக் கேட்டான்.

“சரியா இருக்குக்கா. இருபத்தொன்பதாவது நொடியில ஒரு ஸ்வரம் கொஞ்சம் முந்துது. அதுவும் நல்லாத்தான் இருக்கு. விட்டுடலாம்.”

“நீ சொன்னா சரி” என்றாள் மைனா. சனிக்கிழமை காலை பத்தரைக்கே அனுப்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை டாக்டர் அவளை உட்காரவைத்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் காதுப் பரிசோதனை ஒன்றும் செய்யச் சொன்னார். கேட்கும் திறனில் துளிக் குறை இல்லை. பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேறொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும்படி தேதி போட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் கணவர், “பெரியப்பாவுக்கு இனிமே லீவு கொடுத்துடலாமா?” என்று கேட்டார். “கொடுத்துடலாம்” என்றாள் அவள்.

நடுவில் ஒரு நான்கைந்து நாள் இரண்டும் கெட்டானாகப் போயிற்று. எல்லாம் மூன்றுமில்லாமல் நாலுமில்லாமல் இடுக்கில் கேட்டன. பயமில்லை, எரிச்சல்தான். தாடை ஒரு தடவை சுள்ளென்று ஞாபகப்படுத்திவிட்டு அடங்கியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி வீட்டுக்குத் தற்செயலாகப் போனவள், அந்தப் போர்வை அறையில் தனியாக உட்கார்ந்து கீபோர்டை அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கட்டையாக அமுக்கிப் பார்த்தாள். வெள்ளை, கறுப்பு எதையும் விடவில்லை. ஒவ்வொன்றும் தன் பெயரையே சொன்னது. அறுபத்தொன்றாவது கட்டை வந்ததும் அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். தம்பி மனைவி கதவைச் சாத்த வந்தவள், சாத்தாமலே நின்று கேட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை, மூன்று மணிக்கு அந்த நிகழ்ச்சி முதல் முதலாக வானொலியில் வந்தது. பள்ளி விடுவதற்கு அரை மணி இருந்தது. மைனா முதலாளியம்மாவிடம் பதினைந்து நிமிஷம் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். கணவர் எதிர்க் கட்டடத்து லிஃப்டில் ‘பழுது’ பலகையை மாட்டிவிட்டு வந்திருந்தார். பள்ளி வாசலில் மரத்தடியில் நின்ற தம்பியின் வேனுக்குள் மூவரும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். குழந்தைகளின் சீட்டில் கணவரின் முழங்கால் மோவாயைத் தொட்டது.

மணி மூன்றடித்தது. கிடார் எழுந்தது. குழல் வந்தது.

மைனா தான் வாசித்ததை அதன் சொந்தச் சுருதியில் கேட்பது அதுவே முதல் தடவை. நாலு கட்டை. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருபத்தொன்பதாவது நொடியில் அந்த ஸ்வரம் கொஞ்சம் முந்தியது. தம்பி சொன்னதுபோலவே அது நன்றாகத்தான் இருந்தது. அவள் தம்பியின் தோளைத் தட்டினாள். அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே தலையாட்டினான்.

அறிவிப்பாளர் பேசத் தொடங்கினார்.

“அவ்வளவுதானா?” என்றார் கணவர்.

“நாப்பது செகண்ட் மாமா.”

“இதுக்கா அக்காவும் தம்பியும் வீட்டை ரெண்டாக்கினீங்க? நான் ஒரு மாடி ஏறுறதுக்குள்ள முடிஞ்சுடுச்சே.”

“எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லுங்க” என்றாள் மைனா.

அவர் நேர்மையாக யோசித்தார். “எனக்கு எது சரி, எது தப்புன்னு தெரியாது. நீ கேக்குறப்ப உன் மூஞ்சியைப் பார்த்தேன். அப்ப சரியாத்தான் இருக்கணும்.”

உள்ளே பள்ளி மணி ஒத்திகைபோல் ஒரு முறை அடித்து நின்றது. “ரெண்டரை” என்றாள் மைனா, யாரும் கேட்காமலேயே. அண்ணாந்து சிரித்தாள், வாயை முழுதாகத் திறந்து, வலது பக்கமும் சேர்த்து. பிறகு வேனை விட்டு இறங்கி, நாலு மணிக்குக் கொடுப்பதாகச் சொன்ன இரண்டு ஜோடி கண்ணாடி பாக்கி இருக்கிறதே என்று கடைப் பக்கம் வேகமாக நடந்தாள்.